எலி கடித்த இரவல் அங்கி

மூன்று சீட்டுகளில் மகோஜிரோவின் பெயர் இருந்தது. மற்ற பதினொன்றிலும் "தெரியாது" என்றுதான் இருந்தது. மடத்துக் காரியஸ்தர் ஜோகாகு சாமியார் அந்த மூன்றை மட்டும் தனியே எடுத்து, ஊர்க்கோயில் முற்றத்துப் பாயில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார். அப்போது காற்று கொஞ்சமும் வீசவில்லை. கல் எதற்கு என்று மகோஜிரோவுக்கு விளங்கவில்லை. அன்று அவனுக்கு விளங்காமல் போனவற்றில் அதுதான் முதலாவது.

குசுஹாரா சின்ன ஊர், பதினாலு வீடு. ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் வயலெல்லாம் தலைநகரத்துப் பெரிய மடத்துக்குச் சொந்தம். அக்கரை, வாள்காரர் என்று ஊரார் சொல்லும் ஒரு போர்வீரப் பிரபுவுடையது. முளை அடித்து, தழை அடைத்து, வைக்கோல் மூட்டையும் கல்லும் ஏற்றி ஊரார் கட்டிய அணை ஆற்று நீரை இக்கரைக்குத் திருப்பிக் கொடுக்கும். ஐந்தாம் மாதம் மழை ஏமாற்றிவிட்டது. அதற்குப் பின் ஒரு விடியலில் பார்த்தால் அணை நடுவாகப் பிளந்து கிடக்கிறது. தண்ணீர் முழுக்க அக்கரை வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்பக் கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் புத்தருக்குப் படைக்கும் அரிசி விளைகிற மூன்று வயலிலும் நாற்று வெளுத்துப் படுத்துவிட்டது.

வேறு வயல் காய்ந்திருந்தால் மடம் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருக்கும். காய்ந்தது புத்தர் வயல். அதனால் இது தானாக உடைந்திருக்காது, எவனோ உடைத்திருக்கிறான் என்று தலைநகரத்தில் தீர்மானித்துவிட்டார்கள். ஆளைக் கண்டுபிடித்து, வீட்டை எரித்து, எல்லைக்கு வெளியே துரத்திவிட்டு வா என்று ஜோகாகுவுக்கு உத்தரவு. அவர் வந்ததும் வீட்டுக்கு ஒரு சீட்டு போடச் சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் மலையடிவாரத்துச் சந்நியாசியின் காதில் சொல்லி எழுதி வாங்கி வந்தார்கள். எந்தச் சீட்டு எந்த வீட்டுடையது என்று யாருக்கும் தெரியாது.

ஜோகாகு பொல்லாத ஆள் இல்லை. பருத்த உடம்பு, ஓயாத வியர்வை. கொசுவை அடிக்கக் கையை ஓங்குவார். மடத்து எல்லைக்குள் உயிர்க்கொலை கூடாது என்பது நினைவுக்கு வந்ததும், ஓங்கிய கையால் விசிறிக்கொள்வார்.

"மகோஜிரோ, அணைய உடைச்சது நீயா?"

"இல்ல சாமி."

"உடைக்கலன்னா சரி. அணையில கை வச்சியா?"

"இல்ல சாமி."

முதல் பதில் யோசித்து வந்தது. இரண்டாவது யோசிக்காமலே அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

கை வைத்திருந்தான். அந்த வருஷம் மூன்றாம் மாதம் அவன் மனைவி இனுஜோவுக்குப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதிலிருந்து அவள் எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். விலாங்கு மீன் தின்றால் உடம்பு தேறும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். மடத்து ஆற்றில் நத்தையைக்கூடத் தொடக் கூடாது. அணை உடைவதற்கு முந்தின சாயங்காலம் போய் ஒரு முளையைப் பிடுங்கி, அந்தச் சந்தில் மீன் பிடிக்கும் மூங்கில் பறியைச் செருகி வைத்தான். விடியற் கருக்கலில் போய்ப் பறியை எடுத்துக்கொண்டு முளையைத் திரும்ப அடித்தான். விலாங்கு இரண்டு விழுந்திருந்தன. அவன் வீட்டுக்கு வந்து அவற்றைத் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போதே அணை போய்விட்டது என்று தெருவில் கூக்குரல் கேட்டது.

எத்தனை அடி அடித்தோம்? மூன்றா, நாலா? பதினெட்டு வருஷமாக அந்த அணைக்கு முளை அடிக்கிறவன் அவன். முளை அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியின் சத்தம் மாறும், கைக்கும் அது தெரியும். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதா என்று யோசித்தால், கேட்டது போலவும் இருக்கிறது, பயத்தில் கேட்கும் முன்பே ஓடிவந்துவிட்டது போலவும் இருக்கிறது.

"ஏழு நாள் கோயிலுக்குள்ள இருக்கணும்," என்றார் ஜோகாகு. "சத்தியம் பண்ணிட்டு உள்ள போ. ஏழு நாள்ல உன் மேல தெய்வத்தோட குறி ஒண்ணும் விழலன்னா நீ சுத்தம். விழுந்துச்சுன்னா உன் வீட்ட எரிச்சுட்டு உன்னையும் உன் பொண்டாட்டியையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுவேன். எம்மேல வருத்தப்படாத."

"வருத்தப்படல சாமி."

வீட்டில் இனுஜோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்த முளைக்கு அணை போயிடுமா?"

"போகும். போகாமலும் இருக்கும். எந்த எடம்ங்கறதப் பொறுத்தது."

"நீ புடுங்கின எடம்?"

"அதான் தெரியல."

"தெரியாதத இல்லன்னு சொன்னா அது பொய்யா?"

"அதுவும் தெரியல."

"நல்லா வேலை பாத்திருக்க," என்றாள் அவள். "அந்த விலாங்குல உப்புகூட இல்ல."

கோயிலுக்குள் சுத்தமான உடுப்போடு போக வேண்டும். மகோஜிரோவிடம் இருந்தது ஒரே அங்கி. அதில் முதலில் இருந்த துணி எது, ஒட்டுப் போட்டது எது என்று இனுஜோவாலேயே சொல்ல முடியாது. ஊர்த்தலைவர் யசுமோரி தன் வெள்ளைச் சணல் அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். திருவிழாவில் தெய்வத்தின் பல்லக்குக்கு முன்னால் நடக்கும்போது அவர் உடுத்துவது அது.

"அழுக்காக்காமக் கொண்டா. கஞ்சியச் சிந்தாத," என்றார். "எம் பொண்டாட்டி மூணு தடவ எண்ணிக் குடுத்திருக்கா."

"ஒரே அங்கிய எப்பிடிங்கய்யா மூணு தடவ எண்றது?"

"அத அவகிட்டக் கேளு."

சந்நிதியில் ஜோகாகு சத்தியத் தாளைப் படித்தார். பாதி வார்த்தைகள் தலைநகரத்து வார்த்தைகள். ஆனால் கருத்து நன்றாகவே விளங்கியது: அணையை உடைக்கவில்லை, அதில் கை வைக்கவில்லை, இது பொய்யானால் எல்லாத் தெய்வங்களின் தண்டனையும் என் உடம்பின் எண்பத்து நாலாயிரம் மயிர்க்கால்களிலும் இறங்கட்டும். மகோஜிரோவுக்குப் பெயர் எழுதத் தெரியாது. தூரிகையின் அடிக்கட்டையை மையில் தோய்த்துத் தாளில் ஊன்றினான். வட்டம் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. தாளைக் கொளுத்தி, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, அவனிடம் குடிக்கக் கொடுத்தார்கள். சாம்பலுக்கு ஒரு ருசியும் இல்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

காவலுக்கு இரண்டு பேர் கூட இருந்தார்கள். மடத்தின் தரப்பில் எழுத்தர் ஜென்போ. மொட்டையடித்த, ஒடிசலான ஆள், மடியில் எப்போதும் ஒரு பட்டியல். ஊரின் தரப்பில் பக்கத்து வீட்டு சுகேஜி. முதல் நாளே ஜென்போ பட்டியலைப் படித்துக் காட்டினார். மூக்கில் ரத்தம் வருதல். நோயில் விழுதல், ஏற்கெனவே உள்ள நோய் சேராது. பருந்து, காக்கை எச்சம் மேலே விழுதல். உடுப்பை எலி கடித்தல். உடம்பிலிருந்து ரத்தம் போதல். நெருங்கிய சொந்தத்தில் சாவு. தந்தைக்கோ மகனுக்கோ குற்றம் நேருதல். தின்னும்போதோ குடிக்கும்போதோ புரையேறுதல், ஆனால் முதுகில் தட்ட வேண்டிய அளவுக்கு ஏறினால் மட்டும். ஏறிப்போகும் குதிரை செத்து விழுதல்.

"குதிரை விஷயத்துல அண்ணனுக்கு ஆபத்து இல்ல," என்றான் சுகேஜி.

"பேசாம இரு," என்றார் ஜென்போ.

அதுவரை மகோஜிரோ தன் மூக்கைப் பற்றி நினைத்ததே கிடையாது. இப்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலால் தடவி விரலைப் பார்த்தான். ரொம்பத் தடவினால் அதனாலேயே ரத்தம் வருமோ என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். தொடை அரித்தது. அரிப்பு நோயில் சேருமா என்று கேட்கலாமா என யோசித்து, கேட்காமல் விட்டான்.

இரண்டாம் நாள் மதியம் தினைக் கஞ்சி குடிக்கும்போது முள்ளங்கித் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமினான், மூச்சு வரவில்லை. கண் பிதுங்கியது. பதறிப் போய் சுகேஜி அவன் முதுகில் தட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவன் திரும்பி ஜென்போவைப் பார்த்தான். ஜென்போவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டினா குறின்னு எழுதிடுவீங்களா சாமி?"

"தட்ட வேண்டிய அளவான்னுதான் கேள்வி. நீ தட்டினா, அந்த அளவுன்னு ஆயிடும்."

"தட்டலன்னா ஆளு செத்துடுவானே."

"செத்தா அது தனிக் கணக்கு."

சுகேஜியின் கை மேலேயே நின்றது. மகோஜிரோ தரையைப் பிறாண்டினான், தூணில் போய்த் தானே முதுகை மோதினான். முள்ளங்கி வெளியே வந்து விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"தூண் தட்டினது சேருமா?" என்றான் சுகேஜி.

ஜென்போ பட்டியலை இரண்டு தடவை படித்தார். "தூணைப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

நாலாம் நாள் மூவரும் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேலே பருந்து ஒன்று வட்டமடித்தது. மகோஜிரோ தலையைக் குனிந்து, இரவல் அங்கியைக் கைகளால் மறைத்துக்கொண்டான். எச்சம் விழுந்தது ஜென்போவின் மொட்டைத் தலையில். சுகேஜி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

"நான் எந்தச் சத்தியமும் பண்ணலையே," என்றார் ஜென்போ, தலையைத் துடைத்தபடி. அதன் பிறகு அன்று முழுக்க அவர் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பவர் போலக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாளுக்குள் மகோஜிரோவின் மனம் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. குறி விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான். இப்போது விழுந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. விழுந்தால் முளை சரியாக உட்காரவில்லை என்று தெரிந்துவிடும். விழாவிட்டால் உட்கார்ந்தது என்று தெரிந்துவிடும். இரண்டில் ஒன்று யாராவது சொன்னால் போதும். ஆனால் விழுந்தால் வீடு போய்விடுமே என்று உடனே நினைப்பு வந்தது. அந்த வீட்டின் நாலு தூணும் அவன் அப்பன் மலையிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவை. இனுஜோ இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலையில்தான் இருக்கிறாள். சுவர் இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொள்வாள்?

ஆறாம் நாள் காலை கண் விழித்துப் பார்த்தால் அங்கியின் இடது கை ஓரத்தில் ஒரு ஓட்டை. உள்ளங்கை அளவு இருக்கும். சுற்றிலும் நூல் துணுக்குகள், கறுப்பாக இரண்டு எலிப் புழுக்கை.

அதை மறைத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. கையைத் தூக்கி ஜென்போவிடம் காட்டினான்.

"உடுப்பை எலி கடித்தல்," என்றார் ஜென்போ. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவர் தூரிகையை எடுத்தார்.

"சாமி, கொஞ்சம் நில்லுங்க," என்றான் சுகேஜி. "அந்த உடுப்பு யாருது?"

"அவன் போட்டிருக்கறது."

"போட்டிருக்கறது அண்ணன். உடுப்பு யசுமோரி ஐயாவோடது. என் மாட்ட நீங்க ஓட்டிக்கிட்டுப் போறப்ப ஓநாய் அடிச்சா போனது யார் மாடு? எலி கடிச்சது ஐயா சொத்த. தெய்வம் யாருக்குச் சொல்லுது?"

ஜென்போ பட்டியலைப் பிரித்தார். அதில் "உடுப்பு" என்று மட்டும் இருந்தது. யாருடையது என்று இல்லை. பட்டியல் எழுதின தலைநகரத்து ஆட்களுக்கு, ஒரே அங்கியோடு ஒரு மனிதன் இருப்பான், அவன் தெய்வத்தின் முன்னால் போக இன்னொருவனிடம் இரவல் வாங்குவான் என்பது நினைப்பில் வந்திருக்காது. ஜென்போ தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். மறுபடி வைத்துவிட்டு ஜோகாகுவை அழைத்துவரப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஊரே முற்றத்தில் நின்றது. இனுஜோ வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஜோகாகு ஓட்டையை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "யசுமோரி, இது உம்முடைய அங்கியா?"

யசுமோரி முன்னால் வந்து ஓட்டையைப் பார்த்தார். அங்கி வீணானதற்குக் கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"ஒரு முளை சாமி," என்றார். "ஒண்ணே ஒண்ணு."

"என்ன முளை?"

"பறி வைக்கறதுக்குப் புடுங்கினேன். விலாங்கு தின்னு ஆறு வருஷம் ஆச்சு. நாக்கு கேட்டுது. உடம்பு சரியில்லன்னெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், நாக்குதான் கேட்டுது. விடியறதுக்கு முன்னாடியே திரும்ப அடிச்சுட்டேன். அணை உடையணும்னு நெனைக்கவே இல்ல. என்னைய யாரும் கேக்கல, சத்தியமும் வாங்கல. நானும் சும்மா இருந்துட்டேன். தெய்வம் எம் பொட்டியத் தேடி, அங்கி அங்க இல்லாததால இங்க வந்து கண்டுபுடிச்சிருக்கு."

 சுகேஜி மகோஜிரோவின் விலாவில் முழங்கையால் இடித்தான். "அண்ணே, பொழச்சுட்ட," என்று காதில் சொன்னான். "நாளைக்கு வரைக்கும் வாயத் தெறக்காத."

மகோஜிரோ அதைக் கேட்டான். பிழைத்துவிட்டோம் என்பதும் விளங்கியது. ஆனால் அவன் மனம் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாளாக அணையின் முளைகளைத் தலைக்குள் ஒவ்வொன்றாக எண்ணியபடி இருந்தவன் அவன். வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைக் கேட்பது போல வாய் தானாகக் கேட்டது.

"எந்த முளைங்கய்யா?"

"பெரிய கல்லுலேருந்து நாலாவது," என்றார் யசுமோரி.

"நான் புடுங்கினது ஆறாவது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே எட்டியது. சுகேஜி கண்ணை மூடிக்கொண்டான். வேலிப் பக்கம் பார்க்க மகோஜிரோவுக்குத் தைரியம் வரவில்லை.

ஜோகாகு விசிறியை நிறுத்திவிட்டார். "ஒரே நாள்லயா?"

"முந்தின நாள் சாயங்காலம்," என்றான் மகோஜிரோ.

"நானும் அன்னைக்குத்தான். இருட்டினப்புறம்," என்றார் யசுமோரி. "ஆறாவது எடத்துல ஏதோ தட்டுப்பட்டுது. தழைன்னு நெனைச்சேன்."

"அது என் பறி."

"நல்ல பறி," என்றார் யசுமோரி, தன்னை அறியாமல்.

ஜோகாகு தலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றை எடுத்ததால் உடைந்ததா, இரண்டை எடுத்ததால் உடைந்ததா? ஒன்றில் உடைந்தால் எந்த ஒன்று? நாலாவது முளையா, ஆறாவதா, நடுவில் துணை இல்லாமல் நின்ற ஐந்தாவதா? மகோஜிரோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை எழுத்துப் படித்தவர், தலைநகரத்திலிருந்து வந்தவர், இவராவது சொல்லிவிடுவார் என்று நினைத்தான்.

"என்னாலதான் உடைஞ்சுதா சாமி?" என்று கேட்டான்.

"என்னைக் கேட்டா?" என்றார் ஜோகாகு. அவர் நிஜமாகவே கேட்டார்.

மதியம் வரை அவரும் ஜென்போவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிறகு வெளியே வந்து தீர்ப்பைச் சொன்னார்கள். அங்கி யாருடையதானாலும், ஏழு நாளும் அது சத்தியம் செய்தவனின் தோல் போல. கடித்தது மகோஜிரோவைக் கடித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். மேலும் அவன் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்து சாம்பலும் குடித்தவன். யசுமோரி சத்தியம் செய்யாதவர், அதனால் பொய்யும் சொல்லாதவர். அவர் ஐம்பது நாள் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். நடவு முடிந்த பிறகு அதைத் தொடங்கினால் போதும். நாளை உச்சிவேளையில் மகோஜிரோவின் வீட்டுக்குத் தீ.

ஊர்த்தலைவர் இல்லாமல் நடவு நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

 வீட்டுக்கு வந்ததும் இனுஜோ, "எந்த முளைன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சா தூக்கம் வரும்."

"தூங்கறதுக்கு வீடு வேணாமா?"

 அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அவள் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பார்த்தால் சுகேஜி. அவன் பின்னால் இன்னும் ஒருவர், பின்னால் இன்னும் இருவர். கொஞ்ச நேரத்தில் பதின்மூன்று வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள்.  ஒருவன் கூரை மேல் ஏறினான். ஒருத்தி பாய்களைச் சுருட்டினாள். கதவைக் கழற்றினார்கள், தரைப் பலகையைப் பெயர்த்தார்கள், விட்டத்தின் கயிறுகளை அறுக்காமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துச் சுருளாகச் சுற்றினார்கள். ஒரு மனிதனுக்காக இத்தனை கை கூடியதை மகோஜிரோ பார்த்ததில்லை. அவ்வளவு நல்ல பெயர் தனக்கு எப்போது வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. இவர்களில் மூன்று பேர்தான் அவன் பெயரை எழுதினவர்கள்.

அவனும் சுகேஜியும் முதல் தூணை ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். பாதி வழியில் முன்னால் போன சுகேஜி திரும்பாமலே பேசினான்.

"அண்ணே. ஒன்பதாவது என்னுது."

"எது?"

"முளை."

மகோஜிரோ நின்றுவிட்டான். தூண் சுகேஜியைப் பின்னுக்கு இழுத்தது.

"நடண்ணே, தோள் போகுது. நான் மட்டும் இல்ல. பதினொண்ணாவது மேல வீட்டுக்காரங்க. பதிமூணும் பதினாலும் யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா யாரோ. மழை இல்லாத வருஷம், எல்லாருக்கும் பசி. அன்னைக்கு ராத்திரி அணையில முளையவிட பறி ஜாஸ்தி இருந்திருக்கும்."

"அப்ப என்னைய எழுதினவங்க?"

"உன்னைய அங்க பாத்தவங்க. பாக்கணும்னா அவங்களும் அங்க இருந்திருக்கணும்ல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நான் தெரியாதுன்னுதான் எழுதச் சொன்னேன்," என்றான்.

மகோஜிரோ கோபப்படலாமா என்று யோசித்தான். யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை பேர் பிடுங்கினால் உடைந்தது யாரால்? ஒரு முளையின் குற்றம் எவ்வளவு? தூண் தோளை அறுத்தது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தான்.

உச்சிவேளையில் ஜோகாகு வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பழைய கூரை வைக்கோல் குவிந்து கிடந்தது. பக்கத்தில் உடைந்த முறம் ஒன்று. அவர் சுற்றிலும் பார்த்தார். ஊரார் தலை குனிந்து நின்றார்கள்.

"இதா வீடு?"

"ஏழை வீடு சாமி," என்றான் சுகேஜி.

"தூண்கூட இல்லாம எப்பிடி நின்னுது?"

"அதான் சாமி எங்களுக்கும் ஆச்சரியம்."

ஜோகாகு கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜென்போவிடம் தலையசைத்தார். ஜென்போ தீ வைத்தார். மக்கிய வைக்கோல், புகைதான் வந்தது. எல்லோரும் இருமினார்கள். புகைக்குள் யாரோ யாருக்கோ முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. "எரிக்கப்பட்டது" என்று ஜென்போ எழுதினார்.

மகோஜிரோவும் இனுஜோவும் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்கள். தூண்களையும் பலகைகளையும் ஊரார் அக்கரை மணலில் போட்டுவிட்டு, மடத்து ஆட்கள் பார்க்கும் முன்பே திரும்பிவிட்டார்கள். எல்லைக்கு வெளியே என்றால் இதுதான் வெளியே. தன் வயலின் வரப்பு இங்கிருந்து தெரிந்தது. அதில் யார் நடுவார்கள் என்று அவன் யோசிக்கவில்லை, யோசித்தால் காலெடுத்து வைக்க முடியாது.

குதிரை மேல் ஒரு ஆள் வந்தான். இடுப்பில் வாள், வாயில் புல். அக்கரை வாள்காரரின் கங்காணி.

"யாருடா நீங்க? தூணெல்லாம் யாருது?"

"எங்களுதுங்க. மடத்து நிலத்துலேருந்து துரத்திட்டாங்க."

"எதுக்கு?"

"அணை உடைஞ்சதுக்கு."

கங்காணி வாயிலிருந்த புல்லை எடுத்தான். அவன் முகம் மாறிவிட்டது. குதிரையிலிருந்து இறங்கியே விட்டான். "அட, அது நீதானா? ஒன்பது நாள் தண்ணி. எங்க நாத்து எல்லாம் எழுந்து நின்னுடுச்சு. அந்தப் புண்ணியவான் யாருன்னு எங்க ஐயா கேட்டுக்கிட்டே இருக்காரு. வாய்க்கால் தலைமாட்டுல ஒரு மேடு சும்மா கெடக்கு. நல்ல மண்ணு. நீதான்னா அங்கயே வீட்ட வச்சுக்க, நான் சொல்லிக்கறேன்." அவன் மகோஜிரோவின் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீதான உடைச்சது?"

இனுஜோ மகோஜிரோவைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தைதான். இந்தக் கரையில் அது குற்றமும் இல்லை. அவன் வாயைத் திறந்தான். நாலாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று தலைக்குள் முளைகள் வரிசையாக வந்து நின்றன.

"தெரியலைங்க," என்றான். "ஒரு முளை என்னுது. மத்ததப் பத்தி நான் சொல்ல முடியாது."

"என்னடா சொல்ற? உடைச்சியா, உடைக்கலயா?"

"அதத்தான் நானும் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கங்காணிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சற்று நேரம் குதிரையின் கழுத்தைத் தடவினான். பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்து, மலையடிவாரத்தில் சரளையாகக் கிடந்த ஒரு துண்டைக் கையால் காட்டினான். "அங்க போட்டுக்க. ஐயாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல."

அவன் போன பிறகு இனுஜோ தூணின் மேல் உட்கார்ந்தாள்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லலாம்னுதான் வாயத் தெறந்தேன்."

"மொதல்ல இல்லன்னு சொன்ன, வீடு போச்சு. இப்ப தெரியலன்னு சொல்ற, மேடு போச்சு." அவள் சரளை நிலத்தைப் பார்த்தாள். அவள் வாயோரம் அசைந்தது, சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "தூக்கு. நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்."

"உன்னால முடியாது."

"முடியுதா இல்லையான்னு தூக்கிப் பாத்தாத்தான தெரியும்," என்று அவள் எழுந்து தூணின் ஒரு முனையில் போய்க் குனிந்தாள்.